மூக்கு சொன்ன தீர்ப்பு

அடுத்த முறை யாரோடாவது கை குலுக்கிவிட்டு வந்து உட்காரும்போது, உங்கள் வலது கை எங்கே போகிறது என்று கொஞ்சம் கவனியுங்கள். பெரும்பாலும் முகத்துப் பக்கம்தான் போகும். மீசையைத் தடவுகிற மாதிரி, கன்னத்தில் ஊன்றிக்கொள்கிற மாதிரி, மூக்கு நுனியைச் சொறிகிற மாதிரி ஏதோ ஒரு சாக்கில் மூக்குக்குக் கீழே வந்து நிற்கும். மோந்து பார்க்கிறோம். எதை? சற்றுமுன் கை குலுக்கிய ஆசாமியை!

'சேச்சே, நான் அப்படியெல்லாம் செய்யறதில்லை' என்கிறீர்களா? அவர்களும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

'அவர்கள்' என்றால், இஸ்ரேலில் ரெஹோவோத் நகரில் இருக்கும் வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கு வந்த 270-க்கும் மேற்பட்டவர்கள். நோம் சோபெல் என்ற மூளை விஞ்ஞானி அங்கே தன் குழுவோடு பல வருடங்களாக மனித மூக்கைத் துருவிக்கொண்டிருக்கிறார். வந்தவர்களைத் தனித்தனியாக ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். ஒருவர் உள்ளே வந்து வரவேற்றுப் பேசிவிட்டுப் போவார். சிலரிடம் கை குலுக்குவார், சிலரிடம் குலுக்க மாட்டார். மறைத்து வைத்த காமிரா எல்லாவற்றையும் படம் பிடித்தது. ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் கை குலுக்கிய பிறகு, அந்த வலது கை மூக்கருகே இருந்த நேரம் இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது.

கை சும்மா அங்கே போய் இளைப்பாறுகிறது என்று சொல்லிவிடக் கூடாதில்லையா? அதற்கும் ஒரு சோதனை வைத்தார்கள். மூக்கில் காற்றோட்டத்தை அளக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். கை முகத்தருகே வந்த நேரங்களில் மூக்குக்குள் போகும் காற்று இரண்டு மடங்காகியிருந்தது. ஆக, சும்மா இல்லை. மோப்பம்தான். 2015-ல் இந்த ஆய்வு வெளிவந்தது.

தெருமுனையில் இரண்டு நாய்கள் சந்தித்துக்கொள்ளும்போது செய்வதைப் பார்த்து நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். நாமும் அதையேதான் செய்கிறோம், பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு, கொஞ்சம் நாசூக்காக.

வேடிக்கையான சமாசாரம் என்று சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஆனால் இதற்குள் ஒரு சங்கடமான கேள்வி உட்கார்ந்திருக்கிறது. ஒருவரைப் பிடித்திருக்கிறது, இன்னொருவரைப் பிடிக்கவில்லை என்பதையெல்லாம் பார்த்து, பேசி, பழகி, யோசித்து முடிவு செய்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த முடிவில் ஒரு பகுதியை நமக்குத் தெரியாமலே மூக்கு எழுதிவிடுகிறது என்றால், அந்தத் தீர்ப்புக்கு யார் பொறுப்பு? நானா, என் மூக்கா?

*

மூக்குக்கு எந்தக் காலத்திலும் பெரிய மரியாதை இருந்ததில்லை. உயிர்களை ஓரறிவிலிருந்து ஆறறிவு வரை அடுக்கிய தொல்காப்பியர், மூன்றாவது படியில்தான் மூக்கை வைத்தார். அந்தப் படியில் நமக்குத் துணை கறையானும் எறும்பும். கண்ணும் காதும் அதற்கு மேலே. ஜெர்மன் தத்துவ ஞானி இமானுவேல் கான்ட் 1798-ல் வெளியிட்ட நூலில் இன்னும் ஒரு படி போய், புலன்களிலேயே நன்றிகெட்டதும், இல்லாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லாததும் மூக்குதான் என்கிற தொனியில் எழுதிவிட்டார்.

பிறகு வந்தார் பால் ப்ரோக்கா. பாரிஸ் டாக்டர். மூளையில் பேச்சுக்கான பகுதியைக் கண்டுபிடித்த அதே ப்ரோக்கா. 1879-ல் அவர் விலங்குகளை மோப்பக்காரர்கள், மோப்பம் இல்லாதவர்கள் என்று பிரித்து, மனிதனை இரண்டாவது கோஷ்டியில் சேர்த்தார். காரணம்? மனித மூளையின் மொத்த அளவோடு ஒப்பிட்டால், வாசனையை முதலில் வாங்கிக்கொள்ளும் மோப்பக் குமிழ் ரொம்பச் சின்னது. முன்மூளையோ பெரியது. மிருகம் மூக்கு இழுத்த பக்கம் ஓடும், மனிதன் சுதந்திரமாக யோசித்து நடப்பான் என்பது அவர் கணக்கு. இதில் விசேஷம் என்னவென்றால், இந்த முடிவுக்கு வர அவர் ஒருவரையும் உட்கார வைத்து மோந்து பார்க்கச் சொல்லவில்லை!

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மெக்கன் என்ற மூளை விஞ்ஞானி 2017-ல் 'சயின்ஸ்' இதழில் இந்தக் கதையைத் தோண்டி எடுத்துப் போட்டார். விகிதத்தில் சின்னதே தவிர, நம் மோப்பக் குமிழ் அளவில் அப்படியொன்றும் சின்னதில்லை. அதிலிருக்கும் நரம்பணுக்களின் எண்ணிக்கையும் மற்ற பாலூட்டிகளுடையதற்குக் கிட்டத்தட்ட சமம்தான். அட, கண்ணில் நிறத்தைப் பிரித்தறிய மூன்று வகை அணுக்கள் இருக்கின்றன. மூக்கில் வாசனையைப் பிடிக்கச் சுமார் 400 வகை வாங்கிகள் இருக்கின்றன. இந்த வாங்கிகளுக்கான மரபணுக் கூட்டத்தை 1991-ல் கண்டுபிடித்த லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸலும் அதற்காக 2004-ல் நோபல் பரிசு வாங்கினார்கள்.

சோபெல் ஒரு காலத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருந்தார். அங்கே அவர் குழு செய்த வேலையைக் கேளுங்கள். புல்வெளியில் 10 மீட்டர் நீளத்துக்குச் சாக்லேட் வாசனையில் ஒரு கோடு போட்டார்கள். 32 பேரைக் கூப்பிட்டுக் கண்ணைக் கட்டி, காதை அடைத்து, கைக்கு உறையும் முழங்காலுக்குத் தடுப்பும் மாட்டி, 'தவழ்ந்து போய்க் கோட்டைப் பிடியுங்கள்' என்று விட்டுவிட்டார்கள். மூக்கைத் தரையில் வைத்து, இப்படியும் அப்படியும் வளைந்து வளைந்து, போலீஸ் நாய் போகிற மாதிரியே போய், மூன்றில் இரண்டு பங்குப் பேர் கோட்டைக் கடைசிவரை தொடர்ந்துவிட்டார்கள். அதில் சிலருக்குப் பயிற்சி கொடுத்ததும் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. 2007-ல் வந்த ஆய்வு இது. 

திறமை இருக்கிறது. ஆனால் அது வேலை செய்வது நமக்குத் தெரிவதில்லை. அதற்கு மூளையின் அமைப்பிலேயே ஒரு காரணம் உண்டு. கண், காது, தோல் கொண்டுவரும் செய்திகள் எல்லாம் தலாமஸ் என்கிற ரிசப்ஷனில் நின்று பெயரைப் பதிந்துவிட்டுத்தான் மேல் அலுவலகத்துக்குப் போக முடியும். வாசனைக்கு மட்டும் அந்த வரிசை கிடையாது. முதலாளி வீட்டு மாப்பிள்ளை மாதிரி நேரே உள்ளே நுழைந்துவிடும். நுழைகிற இடமும் சாதாரண இடமில்லை. பயம், விருப்பு, வெறுப்பு, நினைவு இவற்றோடு சம்பந்தப்பட்ட பகுதிகள் அங்கேதான் இருக்கின்றன. தாழம்பூ வாசனை வந்ததும் பாட்டியின் பெட்டி ஞாபகம் வருவதும், டெட்டால் வாசனை பட்டதும் ஆஸ்பத்திரி பயம் வருவதும் இதனால்தான். வாசனைக்குப் பெயர் தேடுவதற்குள் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

நட்பிலும் இது நடக்கிறது. பார்த்த மாத்திரத்தில் 'இவன் நம்ம ஆளுடா' என்று சிலரிடம் ஒட்டிக்கொள்கிறோமே, அப்படி ஒட்டிக்கொண்ட நண்பர்கள் 20 ஜோடியைப் பிடித்தார் சோபெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இன்பால் ராவ்ரெபி. ஆண் நண்பர்கள், பெண் நண்பர்கள், காதல் சமாசாரம் கிடையாது. அவர்களுடைய உடல் வாசனையை மின்னணு மூக்கு என்ற கருவியிடம் கொடுத்தார்கள். முன்பின் தெரியாத இருவரின் வாசனையைவிட, நண்பர்களின் வாசனை ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தது. பிறகு, அறிமுகமில்லாதவர்களை எதிரெதிரே நிற்க வைத்துப் பேசாமல் ஒரு விளையாட்டு விளையாடச் சொன்னார்கள். எந்த ஜோடி ஒட்டிக்கொள்ளும், எது ஒட்டாது என்பதை அந்தக் கருவி வாசனையை மட்டும் வைத்து 71 சதவிகிதம் சரியாகச் சொன்னது. இது 2022-ல் வந்தது. சின்ன ஆய்வுதான். இதை வைத்துக்கொண்டு ஜாதகத்தோடு சட்டையையும் கொடுத்துவிடுங்கள் என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். ஆனால் திசை புரிகிறது.

*

பி.காம். படித்தவன் நான். இந்த மாதிரி ஆராய்ச்சிகளைப் படிக்கும்போது, 'சரி, இந்தக் கணக்கு யார் தலையில் விழுகிறது?' என்றுதான் புத்தி போகும்.

மூக்கு நண்பனைத் தேடித் தருகிறது என்றால், அந்த வாசலுக்கு வெளியே யாரையோ நிறுத்தவும் செய்கிறது. வரவு என்று ஒன்று இருந்தால் பற்று என்றும் ஒன்று இருக்க வேண்டுமே. வாசலில் நிற்பவர் யார்?

ஜார்ஜ் ஆர்வெல் 1937-ல் வெளியிட்ட 'தி ரோடு டு விகன் பியர்' என்ற புத்தகத்தில் இதைப் பற்றித் துணிச்சலாக எழுதினார். உழைக்கும் வர்க்கத்து ஆட்கள் மேல் நாற்றம் அடிக்கும் என்று சொல்லித்தான் தன்னைப் போன்ற நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகளை வளர்த்தார்கள் என்கிறார். மதம், கல்வி, கொள்கை வித்தியாசங்களை எல்லாம் மனிதன் எப்படியாவது தாண்டிவிடுவான், உடம்பு காட்டும் அருவருப்பைத் தாண்டுவதுதான் கஷ்டம் என்பது அவர் வாதம். மேடையில் சமத்துவம் பேசுகிறவன் பக்கத்தில் ஒரு தொழிலாளி வந்து உட்கார்ந்தால், பேச்சு ஒரு பக்கம் இருக்கும், மூக்கு இன்னொரு பக்கம் திரும்பும்.

2019-ல் வந்த 'பாரசைட்' என்ற கொரியப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கேன்ஸ் விருதையும் அடுத்த வருடம் ஆஸ்கரையும் வாங்கிய படம். பாதி தரைக்குக் கீழே இருக்கும் வீட்டில் வாழும் ஓர் ஏழைக் குடும்பம், ஒரு பணக்கார வீட்டில் ஆளாளுக்கு வேறு வேறு பெயர் சொல்லி வேலைக்குச் சேருகிறது. பேச்சை மாற்றுகிறார்கள், உடையை மாற்றுகிறார்கள். வாசனையை மட்டும் மாற்ற முடியவில்லை. நாலு பேர் மேலும் ஒரே வாசனை அடிக்கிறது என்று அந்த வீட்டுப் பொடியன் கண்டுபிடித்துவிடுகிறான். வீட்டு எஜமானர் ஒன்றும் வில்லன் இல்லை. வேலைக்காரர்களை அடிக்கவில்லை, திட்டவில்லை, சம்பளம் பாக்கி வைக்கவில்லை. கடைசியில் ஒரு நெருக்கடியான கணத்தில் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். அவ்வளவுதான். டிரைவர் கத்தியை எடுத்துவிடுகிறார்.

மூக்கைப் பிடித்துக்கொள்வது ஒரு குற்றமா? அவர் வேண்டுமென்றா செய்தார்? அது தானாக வந்தது. இதுதான் எல்லாரும் சொல்லும் சமாதானமும்கூட. 'எனக்கு யார் மேலயும் வித்தியாசம் கிடையாது சார். ஆனா அந்த வாடை இருக்கே, அதான் தாங்க முடியல. என்ன பண்றது, குமட்டுது.'

வீட்டு வாடகை விளம்பரங்களில் 'சைவர்கள் மட்டும்' என்று போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். சாதி பார்க்கிறோம் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். 'மீன் வாடை நமக்கு ஒத்துக்காதுங்க' என்பார்கள். மூக்கின் மேல் பழியைப் போட்டுவிட்டால் மனசு சுத்தம். மூக்குதான் எந்தக் கட்சியிலும் சேராததாயிற்றே!

*

அங்கேதான் சந்தேகம். மூக்கு உண்மையிலேயே எந்தக் கட்சியிலும் சேராததா?

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகள் 2005-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஐசோவேலரிக் அமிலம் என்று ஒன்று உண்டு. பழைய பாலாடைக்கட்டியிலும் இருக்கும், வியர்த்த பாதத்திலும் இருக்கும். இதோடு கொஞ்சம் பாலாடைக்கட்டி மணத்தைக் கலந்து ஆட்களிடம் மோந்து பார்க்கக் கொடுத்தார்கள். கூடவே திரையில் ஒரு வார்த்தை தெரியும். சில தடவை 'செடார் சீஸ்' என்று வரும். சில தடவை 'உடல் வாடை' என்று வரும். வாசனை ஒன்றுதான். ஆனால் சீஸ் என்று வந்தபோது நன்றாக இருக்கிறது என்றவர்கள், உடல் வாடை என்று வந்தபோது அதற்குக் குறைந்த மார்க் போட்டார்கள். வாய்ச் சொல்லில் மட்டும் இல்லை. மூளையைப் படம் பிடித்துப் பார்த்ததில், வாசனையின் இனிமையை எடைபோடும் பகுதிகளிலேயே வித்தியாசம் தெரிந்தது.

நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரு வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தால் பிள்ளைகள் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடும். அடுத்த வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். குழம்பு ஒன்று, காற்று ஒன்று, மூக்கு இரண்டு. 'நாற்றம்' என்ற வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்களேன். மொட்டுக்குள் அடங்கியிருக்கும் மணத்தைத் திருவள்ளுவர் நாற்றம் என்றுதான் சொல்கிறார். இன்றைக்கு மல்லிகைப் பூவை முகர்ந்து 'நல்லா நாறுது' என்று பூக்காரம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். பூ மாறவில்லை. சொல்லுக்குப் பொருள் மாறிவிட்டது.

இன்னொரு சோதனை ஸ்காட்லாந்தில், செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில். 2016-ல் வெளிவந்தது. யாரோ போட்டு வியர்த்து நாறிப்போன டி-ஷர்ட்டை மாணவர்கள் கையில் கொடுத்தார்கள். சிலருக்கு வந்த சட்டையில் அவர்கள் பல்கலைக்கழகத்தின் லோகோ. சிலருக்குப் பக்கத்து ஊரான டண்டீ பல்கலைக்கழகத்தின் லோகோ. மோந்துவிட்டுக் கை கழுவப் போக வேண்டும். எவ்வளவு அவசரமாக நடக்கிறார்கள், கை கழுவும் திரவத்தை எத்தனை தடவை அழுத்துகிறார்கள் என்று ரகசியமாகக் கவனித்தார்கள். அடுத்த ஊர்ச் சட்டையைத் தொட்டவர்கள் வேகமாக நடந்தார்கள், அதிகம் அழுத்தினார்கள். நம்ம காலேஜ் வியர்வை என்றால் பரவாயில்லை!

ஆகவே மூக்கை நடுநிலை நீதிபதி என்று நினைக்க வேண்டாம். மூக்கு ஒரு சாட்சி மட்டும்தான். அந்தச் சாட்சிக்கும் ஏற்கெனவே பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிறந்த வீடு, வளர்ந்த தெரு, சாதி, வர்க்கம், 'அவங்ககூட சேராதே' என்று சின்ன வயதில் காதில் விழுந்த வார்த்தை, எல்லாம் சேர்ந்து தயார் செய்த சாட்சி. அது கூண்டில் ஏறி ஒப்பிக்கிறது. நாம் அதை இயற்கை என்று எழுதிக்கொள்கிறோம்.

'சரி சார், நிஜமாகவே நாறினால்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

எனக்குத் தெரிந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில் கழிவறைக் குழாய் அடைத்துக்கொண்டது. இரண்டு பேர் வந்து ஒரு மணி நேரம் போராடிச் சரி செய்தார்கள். கிளம்பும்போது ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அந்த வீட்டம்மா நல்ல மாதிரி. உடனே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கொடுத்தார். 'பாட்டிலைத் திருப்பித் தர வேணாம்ப்பா, நீங்களே வச்சுக்குங்க. அப்புறம், லிஃப்ட் வேணாம், படியிலயே இறங்கிடுங்க' என்றார். அவர்கள் போனதும் ஊதுவத்தி ஏற்றினார்.

கடுமையாக ஒரு வார்த்தை இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர்கள் மேல் ஒட்டியிருந்தது யாருடைய வாடை? அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்ததா? மூன்றாவது மாடியில் இருந்தவர்களுடையது. நம்முடையதை நமக்காக அவர்கள் சுமந்துகொண்டு இறங்குகிறார்கள். இறங்கும்போது அது அவர்களுடையதாகிவிடுகிறது. பிறகு அவர்கள் பிள்ளைகளுடையதாகிறது. அப்புறம் அந்தத் தெருவுக்கே, அந்தச் சாதிக்கே என்று எழுதிவைத்துவிடுகிறோம்.

கையால் மலம் அள்ள ஆளை வைப்பதைத் தடை செய்து 1993-ல் ஒரு சட்டம் வந்தது. 2013-ல் அதைவிட விரிவான இன்னொரு சட்டம். சாக்கடைக் குழிக்குள் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. உயர்த்த வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, சாவு நிற்கவில்லை என்று புரிகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்பவர்கள் அந்தக் குழிக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க மாட்டார்கள். வாடை அடிப்பதால் தள்ளி நிற்கிறோம் என்கிறோம். தள்ளி நிற்பதால்தான் குழி இன்னும் அப்படியே இருக்கிறது.

*

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். பொறுப்பு யாருக்கு?

முதல் மூச்சுக்கு நான் பொறுப்பில்லை. இதை ஒப்புக்கொள்வதில் தவறில்லை. மூளை அப்படி. ரிசப்ஷனைத் தாண்டி நேரே உள்ளே வந்துவிடுகிறது. முகம் சுளித்தவனைப் பாவி என்று சொல்லவும் முடியாது. அருவருப்பே வரக் கூடாது என்று கட்டளை போட்டால், எல்லாரும் நடிக்கக் கற்றுக்கொள்வார்களே தவிர, மாற மாட்டார்கள்.

ஆனால் அடுத்த மூச்சு என் கையில் இருக்கிறது.

கணக்குப் பதிவியலில் சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்று ஒன்று உண்டு. ஒரு தொகை வந்திருக்கும், எதற்கு வந்தது, எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாது. தெரியவில்லை என்பதற்காக மனம்போன தலைப்பில் எழுதிவிட மாட்டார் நல்ல கணக்கர். தாற்காலிகமாக இந்தக் கணக்கில் போட்டு வைப்பார். விவரம் வந்த பிறகு உரிய இடத்துக்கு மாற்றுவார். மனிதர்களைப் பற்றி மூக்கு சொல்வதை அங்கேதான் போட்டு வைக்க வேண்டும். சாம்பார் ஊசிவிட்டதா, கேஸ் கசிகிறதா என்று மூக்கைக் கேளுங்கள், உடனே நம்புங்கள். கொரோனாவில் வாசனை போய், தீய்ந்த வாடைகூடத் தெரியாமல் தவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ஒருவரை வீட்டுக்குள் விடலாமா, பக்கத்தில் உட்காரலாமா, வீடு வாடகைக்குக் கொடுக்கலாமா என்று மூக்கைக் கேட்காதீர்கள். கேட்காமலே அது சொன்னாலும் பேரேட்டில் ஏற்றாதீர்கள்.

இதில் மூக்கே நமக்கு ஒரு சௌகரியம் செய்து கொடுத்திருக்கிறது. எந்த வாசனையும் சில நிமிடங்களில் மங்கிவிடும். மீன் மார்க்கெட்டில் நுழைந்ததும் மூச்சு முட்டுகிறது. பத்து நிமிடம் கழித்து, வஞ்சிரம் என்ன விலை என்று சாவகாசமாகப் பேரம் பேசுகிறோம். மூக்கு பழகிவிடுகிறது. எழுந்து போகாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், வாடை போய் ஆள் தெரிவார். எழுந்து போனவனுக்குத்தான் அந்த முதல் மூச்சு ஆயுசுக்கும் மறக்காது. அவன் தன் பிள்ளைக்கும் அதையே சொல்லிக்கொடுப்பான்.

சோபெல் குழுவின் இன்னொரு ஆராய்ச்சியைச் சொல்லாமல் இதை முடிக்கக் கூடாது. 2020-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. முன்னின்று செய்தவர் அனட் அர்ஸி. இஸ்ரேலில் லோவன்ஸ்டைன் மறுவாழ்வு மருத்துவமனையில், மூளையில் கடுமையாக அடிபட்டு நினைவு குன்றிக் கிடந்த 43 பேரைச் சோதித்தார்கள். கூப்பிட்டால் திரும்பாதவர்களும் அதில் உண்டு. உள்ளே ஆள் இருக்கிறாரா, இல்லையா? சிகிச்சை, வலி மருந்து, குடும்பத்தின் நம்பிக்கை எல்லாமே அந்தப் பதிலைப் பொறுத்தது. அந்தப் பதிலோ டாக்டர்களுக்கே லேசில் கிடைப்பதில்லை.

அவர்கள் மூக்கின் கீழே சிறு சாடிகளை நீட்டினார்கள். ஒன்றில் ஷாம்பூ வாசனை, ஒன்றில் அழுகிய மீன் வாடை, ஒன்றில் ஒன்றுமில்லை. மூச்சின் அளவு மாறுகிறதா என்று கருவியில் பார்த்தார்கள். சுயநினைவு இருப்பதற்கான அறிகுறியே இல்லை என்று கருதப்பட்டவர்களில், வாசனைக்கு மூச்சு மாறிய அத்தனை பேரும் பிற்பாடு ஓரளவுக்காவது நினைவு திரும்பினார்கள். அடிபட்ட புதிதில் இப்படி மூச்சு மாறியவர்களில் 91 சதவிகிதத்துக்கு மேற்பட்டோர் மூன்றரை வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். மூச்சு மாறாதவர்களிலும் சிலருக்கு நினைவு திரும்பியது. அதனால், மூக்கு மௌனமாக இருந்தால் உள்ளே ஆள் இல்லை என்றும் முடிவு கட்ட முடியாது.

ஒரு மனிதர் இருக்கிறார் என்பதற்கு அந்தப் படுக்கையில் கிடைத்த சாட்சி, லேசாகக் குறுகிய ஒரு மூச்சு. அதைத் தவறவிடாமல் பிடிக்க, டாக்டர்கள் ஒரே வாசனையைப் பத்துப் பத்துத் தடவை நீட்டிக்கொண்டு, கருவியைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

படுக்கையில் இருந்தவருக்கு அந்த முதல் மூச்சுக்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை. நம்மால் முடியும். லிஃப்ட் கதவு மூடுவதற்குள் அதைச் செய்துவிடலாம்.